முப்பத்தேழாம் எண்

ஜனவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் படி ஏறும்போது தன் இஷ்டத்துக்குச் சத்தம் போடுகிறது. உன் இருமல் நின்றதா? போனில் கேட்டால் "ம்" என்கிறாய், அதற்கு மேல் உன் வாயிலிருந்து ஒரு சொல் பெயராது. அதனால்தான் உன்னைக் காகிதத்தில் பிடிக்கிறேன்.

ஓர் உதவி வேண்டும். கேட்கலாமா கூடாதா என்று பல மாதம் தள்ளிப்போட்டேன், ஏனென்றால் இது என் குழந்தைகள் காப்பகத்தைப் பற்றியது. பகலெல்லாம் இங்கே என் மடியில் வளர்ந்த உன் மகளை, நாலரை வயதில், ஒரு வாரக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டோம். அதன் பிறகு நீ இந்த வாசலை மிதிக்கவில்லை. நீ வேலையை மாற்றிக்கொண்டு அவ்வளவு தூரம் போனதும், உன் வீட்டுக்காரி அவள் அக்கா வீட்டோடு போய் இருப்பதும் எதனால் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் கம்ப்யூட்டரில் கணக்கு வழக்கை ஒழுங்குபடுத்துவதே பிழைப்பாக வைத்திருக்கும் தம்பி இருக்கும்போது நான் வேறு யாரைக் கேட்பேன்?

விஷயம் இதுதான். ஒரு தாயின் இரண்டு பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். அவள் போன் நம்பர் மாறியதும் பெரியவன் தாளில் திருத்தினோம், சின்னவள் தாளில் விட்டுவிட்டோம். போன மாதம் சின்னவளுக்குக் காய்ச்சல். பழைய நம்பருக்கே அடித்துக்கொண்டிருந்தோம். யாரோ ஒருவர் எடுத்து, "எத்தனை தடவைமா சொல்றது, ராங் நம்பர்" என்று கத்தினார். சாயங்காலம் வந்து அந்தத் தாய் போட்ட சத்தத்தை விடு. காய்ச்சல் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போனைப் பிடித்திருந்தபோது நம் பிள்ளைதான் கண்ணில் நின்றாள், தம்பி. இன்னொரு முறை என்னால் தாங்க முடியாது.

ஊர் மாறிப் போன ஒரு குடும்பம் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. அதில் டேட்டாபேஸ் போடும் சாப்ட்வேர் இருக்கிறதாம். இப்போது அது குரங்கு கையில் பூமாலையாக என்னிடம் இருக்கிறது. மனம் வராவிட்டால் விட்டுவிடு, கோபிக்க மாட்டேன். சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா


ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. இருமல் அதன் வேலையைப் பார்க்கிறது, நான் என் வேலையைப் பார்க்கிறேன். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

கம்ப்யூட்டரை இப்போது தொடாதே. ஒரு வெள்ளைத்தாள், பென்சில், ரப்பர் எடுத்துக்கொள். ரப்பர் முக்கியம்.

உங்கள் தவறு நம்பரைத் திருத்த மறந்தது இல்லை. ஒரே நம்பரை இரண்டு இடத்தில் எழுதி வைத்ததுதான் தவறு. ஒரு செய்தி ஒரே ஓர் இடத்தில்தான் குடியிருக்க வேண்டும். குழந்தைகளுக்கு ஒரு டேபிள், பெற்றோருக்கு ஒரு டேபிள். டேபிள் என்றால் கோடும் கட்டமும் போட்ட அட்டவணை. ஒரு குழந்தைக்கு ஒரு வரி. போன் நம்பர் பெற்றோர் டேபிளில் மட்டும்.

ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் உண்டு. பெயரை அடையாளமாக வைக்காதே. ஒரே பெயரில் இரண்டு பேர் வந்து நிற்பார்கள். எண்ணைச் சாப்ட்வேரே கொடுக்கும். ஒருவருக்குக் கொடுத்த எண்ணை, அவர் போய்விட்டாலும், வேறு யாருக்கும் அது கொடுக்காது.

மழையில் அலமாரி மேல் ஒழுகுகிறது என்று முன்பு போனில் சொன்னாய். உங்கள் டீச்சர் பிள்ளைகளைப் பற்றி எழுதி வைக்கும் சீட்டுகள் நனைந்தனவா? அதைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை.

தம்பி


பிப்ரவரி 15

அன்புள்ள தம்பிக்கு,

நீ எழுதிவிட்டாய் என்பதே எனக்குப் பாதி முழங்கால் வலியைப் போக்கிவிட்டது. நீ எப்படி இருக்கிறாய் என்பதை மட்டும் இருமலோடு நிறுத்திக்கொண்டாய். சரி.

படம் போட்டேன். பெற்றோர் டேபிளில் குழந்தை 1, குழந்தை 2, குழந்தை 3 என்று மூன்று கட்டம் விட்டேன். ரொம்பக் கெட்டிக்காரி என்று நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன். மறுநாளே நாலு பிள்ளைகளோடு ஒரு குடும்பம் வந்து நின்றது. டீச்சர் எட்டிப் பார்த்து, "நாலாவத எங்க வைக்கப் போறீங்க, மடியிலயா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

சீட்டுகளில் மேலே இருந்தவை மட்டும் நனைந்தன. மற்றவை பிஸ்கட் டப்பாக்களில் பத்திரமாக இருக்கின்றன. சொல்லும்படி ஏதாவது நடந்தால் அந்தக் குழந்தையின் பெயர் போட்டு டீச்சர் எழுதிப் போடுவாளே, அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுவதாக இல்லை. யார் உட்கார்ந்து அடிப்பது?

ஸ்வெட்டர் ஒன்று பின்னுகிறேன். உன் தோள் அளவு பழையதுதானா, இளைத்துவிட்டாயா?

உன் அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

தோள் அளவு பழையதே. ஸ்வெட்டர் வேண்டாம் என்று சொன்னாலும் நீ நிறுத்தப்போவதில்லை.

பெற்றோர் டேபிளில் பிள்ளைகளை எழுதாதே. பிள்ளையின் வரியில் பெற்றோரின் எண்ணை எழுது. நாலு என்ன, பத்துப் பிள்ளைகள் வந்தாலும் பத்து வரியிலும் அதே பெற்றோர் எண்தான் இருக்கும். ஒருவருக்குப் பலர், அவ்வளவுதான்.

மூன்றாவதாக, குறிப்புகள் என்று ஒரு டேபிள் போடு. டீச்சர் எழுதும் ஒவ்வொரு சீட்டும் ஒரு வரி: தேதி, குழந்தையின் எண், குறிப்பு. பழைய சீட்டுகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எல்லா வருடமும், எல்லாக் குழந்தையும். யார் அடிப்பது என்று கேட்டாய். நீதான் அடிக்க வேண்டும். இது இல்லாமல் மற்ற இரண்டு டேபிளும் வெறும் விலாசப் புத்தகம்.

குழந்தைகள் டேபிளிலிருந்து குறிப்புகள் டேபிளுக்கு மவுஸால் ஒரு கோடு இழு. மூன்று சின்னக் கட்டம் கேட்கும். மூன்றிலும் டிக் போடு. மூன்றாவது டிக் இருந்தால், ஒரு குழந்தையை அழிக்கும்போது அதன் குறிப்புகளும் கூடவே அழியும். பழகும்போது தப்பும் தவறுமாக ஏற்றுவதைத் துடைக்க இது வசதி. உண்மையான சீட்டுகளை ஏற்றத் தொடங்கும்போது அந்த டிக்கை எடுத்துவிடு. நானும் ஞாபகப்படுத்துகிறேன்.

வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பிளாப்பி டிஸ்க்கில் நகல் எடு. ஒரு டிஸ்க் போதும், அதன் மேலேயே எழுதிக்கொள்.

தம்பி


ஏப்ரல் 28

அன்புள்ள தம்பிக்கு,

பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. நான் சுகம், விரல்கள்தான் சுகமில்லை. அடித்தேன், அடித்தேன், அடித்துக்கொண்டே இருந்தேன். குழந்தைகள் தூங்கும் மதிய வேளையில் டீச்சர் சீட்டைப் படிப்பாள், நான் ஒரு விரலால் தட்டுவேன். எத்தனை கூத்து! ஒருவன் என் செருப்பைத் தொட்டித் தண்ணீரில் மிதக்க விட்டதெல்லாம் எனக்கே இப்போதுதான் தெரியும்.

சில சீட்டுகளை டீச்சரால் படிக்க முடியவில்லை. டப்பாவை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாள். அவற்றை நானே பார்த்து அடித்தேன். ஒன்றையும் விடவில்லை.

எல்லாம் ஏறியாயிற்று. டப்பாக்களைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டு அலமாரியைத் துடைத்தோம். வெள்ளிக்கிழமை நகலும் தவறாமல் எடுக்கிறேன், என்னை என்னவென்று நினைத்தாய்?

உன் வீட்டுக்காரியைக் கடைத்தெருவில் பார்த்தேன். நீ எப்படி இருக்கிறாய் என்று அவள் கேட்கவில்லை. நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

உன் அக்கா


மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாம் ஒழுங்கு. நீயும் அப்படியே என்று நம்புகிறேன்.

நீ இவ்வளவு சீக்கிரம் முடிப்பாய் என்று நான் நினைக்கவில்லை. காலையில் கூப்பிட வருகைப் பட்டியல் அச்சடிக்கும் வழியைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். தேடும் வழியும் இருக்கிறது. தேட வேண்டிய சொல்லுக்கு முன்னும் பின்னும் ஒரு நட்சத்திரக் குறி போடு. *காய்ச்சல்* என்று போட்டால், அந்தச் சொல் நடுவில் எங்கே இருந்தாலும் அத்தனை குறிப்பும் வந்து நிற்கும்.

முழுவதையும் ஒரு டிஸ்க்கில் எனக்கு அனுப்பு. சரிபார்க்கத்தான். அவசரம் இல்லை. அடுத்த தபாலில் அனுப்பினால் நல்லது.

தம்பி


ஜூன் 9

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருக்கிறாயா? அவசரம் இல்லை, அடுத்த தபாலில் அனுப்பு என்கிறாய். சின்ன வயதிலும் பசியில்லை என்று சொல்லிக்கொண்டே தட்டோடு வந்து நிற்பாய்.

டிஸ்க்கை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து அனுப்பியிருக்கிறேன். பட்டியல் காலையில் டாண் என்று வருகிறது. என்றைக்கோ விட்டுப்போன பிள்ளைகளின் பெயரும் சேர்ந்து வருகிறது. "மீசை மொளைச்சவனெல்லாம் லிஸ்ட்ல இருக்கான்" என்று டீச்சர் பென்சிலால் அடித்துக்கொண்டே போகிறாள். போகட்டும், பென்சிலுக்கா பஞ்சம்.

போன வாரம் ஒரு பிள்ளை விழுந்து நெற்றியில் அடி. ஒரே நிமிடத்தில் தாயின் நம்பர் கிடைத்தது. அவள் வந்து தூக்கிக்கொண்டபோது உன்னை மனதுக்குள் வாழ்த்தினேன்.

நீ பயப்படாமல் டிஸ்க்கைத் திறக்கலாம். உன் மனம் நோகும்படி அதில் எதுவும் இல்லாதபடி பார்த்துத்தான் அனுப்புகிறேன்.

உன் அக்கா


ஜூன் 30

அக்கா,

முப்பத்தாறு இருக்கிறது. முப்பத்தெட்டு இருக்கிறது. முப்பத்தேழு இல்லை.

நான்தானே எழுதினேன், ஒருமுறை கொடுத்த எண்ணை அது வேறு யாருக்கும் கொடுக்காது என்று. அந்த ஓட்டை அப்படியே இருக்கிறது. யார் அது என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உனக்குக் காப்பகத்துக்கு டேட்டாபேஸ் வேண்டியிருந்தது. எனக்கு அந்த ஒரு எண்தான் வேண்டியிருந்தது. காலையில் அவள் எழுவதற்கு முன் கிளம்பினேன், அவள் தூங்கிய பிறகு வந்தேன். என் மகளின் பகல்கள் எனக்குத் தெரியாது. அவள் என்ன சொன்னாள், யாரோடு சண்டை போட்டாள், எதற்கு நீங்கள் எல்லாரும் அவளுக்கு டமாரம் என்று பட்டப்பெயர் வைத்தீர்கள், எல்லாம் டீச்சரின் டப்பாவில்தான் இருந்தது. "அவளுடைய சீட்டுகளை அனுப்பு" என்று ஒரு வரி எழுத எனக்குத் தைரியம் இல்லை. அதனால் எல்லாக் குழந்தைகளின் சீட்டுகளையும் கேட்டேன்.

அழிக்கக் கூடாது அக்கா. யாரையும் அழிக்கக் கூடாது. விலகிய தேதி என்று ஒரு கட்டம் போட வேண்டும். காலியாக இருந்தால் வந்துகொண்டிருக்கும் குழந்தை. தேதி இருந்தால் போய்விட்ட குழந்தை. காலியானவர்களை மட்டும் பட்டியலில் வரவைக்கலாம். நான்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றாவது டிக்கை எடுத்தாயா? எடுக்கவில்லை என்றால் நீ அவளை அழித்ததற்கு முந்தின வெள்ளிக்கிழமை டிஸ்க்கை உடனே அனுப்பு.

தம்பி


ஜூலை 12

என் தம்பிக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு வாய் இல்லை.

நீ பட்டியல் சொல்லிக்கொடுத்த நாளிலிருந்து தினமும் காலை அவள் பெயரும் அதில் வந்தது. மற்றப் பெயர்களை டீச்சர் பென்சிலால் அடித்தாள். இந்தப் பெயரை அடிக்க அவளுக்குக் கை வரவில்லை. ஒரு நாள் பழக்கதோஷத்தில் வாய்விட்டுக் கூப்பிட்டேவிட்டாள். பிள்ளைகள் எல்லாரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். "டமாரம் வந்துட்டாளா?" என்று ஒருவன் எழுந்து ஓடினான்.

அன்றைக்குத்தான் நீ கேட்ட டிஸ்க்கை உனக்கு எடுத்து அனுப்ப உட்கார்ந்தேன். நீயும் இந்தப் பெயரில் வந்து முட்டிக்கொள்ளப் போகிறாயே என்றுதான் என் நினைப்பெல்லாம். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று அந்த வரியை அழித்தேன். இதோடு சேர்ந்தவையும் அழியும், சரியா என்று ஒரு பெட்டி கேட்டது. அந்தப் பெட்டி எப்போதும் எதையாவது கேட்டுக்கொண்டேதான் இருக்கும். சரி என்று தட்டினேன். மூன்றாவது டிக்கை எடுக்கச் சொல்லி நீ எழுதியிருந்தாய். நான் மறந்துவிட்டேன்.

டிஸ்க் ஒன்றுதான், தம்பி. வெள்ளிக்கிழமை வந்தது, அதன் மேலேயே எழுதிவிட்டேன். உன் கடிதம் பார்த்ததும் செருப்புக்கூடப் போடாமல் பழைய பேப்பர்காரரிடம் ஓடினேன். "அது அப்பவே போயிருச்சும்மா" என்றார். மூட்டைகளையெல்லாம் பிரித்துக் காட்டினார், பாவம்.

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். நான் எத்தனை ஊரான் பிள்ளைகளை ஊட்டினேன். நம் பிள்ளை வளரவில்லை. அவளைப் பற்றி எழுதியிருந்ததையும் நானே என் விரலால் துடைத்துவிட்டேன். என்னைத் திட்டியாவது ஒரு கடிதம் போடு.

அக்கா


ஆகஸ்ட் 20

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஸ்வெட்டரும் கிடைத்தது. சுகம்.

ஒரே டிஸ்க் போதும் என்று சொன்னது நான். நீ இல்லை.

தம்பி


செப்டம்பர் 17

அன்புள்ள தம்பிக்கு,

உன் மூன்று வரியை முந்நூறு முறை படித்தேன். ஸ்வெட்டர் தோளில் சரியாக இருக்கிறதா என்றுகூட எழுதவில்லை நீ. நான் உடம்பளவில் நன்றாக இருக்கிறேன்.

நீ சொன்னபடி விலகிய தேதிக்கு ஒரு கட்டம் போட்டோம். மீசைக்காரர்கள் பட்டியலிலிருந்து போய்விட்டார்கள். அன்றைக்கு டீச்சர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் கண்ணைத் துடைப்பதைப் பார்த்துவிட்டு, "ஏங்க, அவ அவளோட சீட்டுல மட்டுமா இருந்தா? அவ தலையிடாத விஷயம் இங்க எது? மத்தப் புள்ளைங்க சீட்டுல பாருங்க" என்றாள்.

குறிப்புகள் டேபிளைத் திறந்து, நீ சொல்லிக்கொடுத்த மாதிரி முன்னும் பின்னும் நட்சத்திரம் வைத்து, *டமாரம்* என்று அடித்தேன்.

வந்தாள், தம்பி. திரை கொள்ளாமல் வந்தாள்.

எல்லாவற்றையும் அச்சடித்து இதோடு வைத்திருக்கிறேன். தபாலில் தொலைந்தாலும் இருக்கட்டும் என்று இங்கேயும் நாலைந்தை, அந்தந்தச் சீட்டுக்குரிய பிள்ளையின் எண்ணோடு எழுதுகிறேன்.

எண் 22: மதியம் தூங்கவில்லை. டமாரம் கதை சொல்லிக்கொண்டே இருந்ததால் யாரும் தூங்கவில்லை. நானும்.

எண் 29: முதல் பல் விழுந்தது. வீட்டில் சொல்ல வேண்டும் என்று குறித்தேன். அதற்குள் டமாரம் வாசலில் நின்று தெருவுக்கே சொல்லிவிட்டாள்.

எண் 41: முதல் நாள். அம்மா போனதும் ஒரே அழுகை. டமாரம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, "அழுவாத, உங்கம்மா சாயங்காலமே வந்துருவாங்க. எங்கப்பாதான் லேட்டு" என்றாள். அழுகை நின்றது.

இன்னும் ஒன்று இருக்கிறது. அனுப்பலாமா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். ஒரு முறை உன்னைக் கேட்காமல் உனக்காக முடிவெடுத்தேன். இனி மாட்டேன்.

எண் 18: ஆபீஸ் விளையாட்டு. டமாரம் அப்பா, இவன் பிள்ளை. டமாரம் அட்டைப்பெட்டி முன்னால் உட்கார்ந்து தட்டிக்கொண்டே இருந்தாள். இவன் போய்ப் போய் நின்றான். "இரு கண்ணு, அப்பாக்கு இது ஒண்ணுதான், முடிச்சுட்டு வந்துடறேன்" என்றாள். கடைசியில் இவன் அழுதுவிட்டான். உடனே பெட்டியைத் தள்ளிவிட்டு, "முடிஞ்சிருச்சு, முடிஞ்சிருச்சு, அப்பா வந்துட்டேன்" என்று ஓடிவந்து தூக்கப் பார்த்தாள். இருவரும் விழுந்தார்கள். அடி ஒன்றும் இல்லை.

உன் அக்கா


அக்டோபர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாம் வந்து சேர்ந்தது. ஸ்வெட்டர் தோளில் சரியாக இருக்கிறது, கைதான் கொஞ்சம் நீளம். இருமல் குறைந்திருக்கிறது.

ஆபீசில் உட்கார்ந்து பிரித்தேன். பிரித்திருக்கக் கூடாது. பதினெட்டாம் எண்ணைப் படித்ததும் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. பக்கத்து மேஜைக்காரர், "என்ன சார், ஊர்ல ஏதாவது கெட்ட செய்தியா?" என்று கேட்டார். "என் பொண்ணு எழுதியிருக்கா" என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. பிறகு வெளியே போய் அழுதேன். அவள் போனதிலிருந்து இப்படி அழுததில்லை. அவள் ஆட்டத்தில் வந்த அந்த அப்பா பெட்டியைத் தள்ளிவிட்டு ஓடிவந்தான். நான் ஒரு நாளும் தள்ளவில்லை.

நான் போட்டுக் கொடுத்த அமைப்பே தவறு. ஒரு குறிப்புக்கு ஒரு குழந்தைதான் என்று வைத்தேன். ஒரு சீட்டில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள்! நடுவில் இன்னொரு சின்ன டேபிள் வேண்டும், அதில் இரண்டே கட்டம்: குறிப்பின் எண், குழந்தையின் எண். யார் யார் அந்தக் குறிப்பில் இருக்கிறார்களோ, ஆளுக்கு ஒரு வரி. மூன்றாவது டிக் எங்கேயும் வேண்டாம். டிஸ்க் ஐந்து வாங்கி வைத்துக்கொள், வாரம் ஒன்றாகச் சுற்று.

அந்த அச்சுத்தாள்களில் இன்னொரு பிரதி எடுத்து என் வீட்டுக்காரியிடம் கொண்டுபோய்க் கொடு. நான் கொடுக்கச் சொன்னேன் என்று சொல்லு.

விட்டுப்போன எண்ணை நாமே மறுபடி எழுதிச் சேர்க்க ஒரு வழி உண்டு. தனித்தாளில் எழுதியிருக்கிறேன், நிதானமாகச் செய். எண் முப்பத்தேழு. பெயர், பிறந்த தேதி, பெற்றோர் எண் எல்லாம் உனக்குத் தெரியும். நட்சத்திரம் போட்டுத் தேடி எடுத்த குறிப்புகள் அத்தனைக்கும் எதிரில் அந்த எண்ணைச் சேர்.

விலகிய தேதிக் கட்டத்தை மட்டும் காலியாக விடு. காலையில் பட்டியலில் அவள் பெயர் வரும். டீச்சரிடம் சொல்லிவிடு, கூப்பிடவும் வேண்டாம், பென்சிலால் அடிக்கவும் வேண்டாம். நான் நேரில் வந்து அந்தத் தேதியை என் கையால் போடும்வரை அவள் பெயர் வரட்டும்.

உன் தம்பி